உமி பாய்லரும் அரை வாட்டும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது.

அரிசி ஆலைப் புகைபோக்கியில் இவ்வளவு சூடு வீணாகிறதே, அதில் கரண்ட் எடுக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாக நானும் இதே வேலையாகத்தான் இருக்கிறேன். முதலில் குட்டி ஃபிரிட்ஜில் வரும் பெல்டியர் தகட்டைச் சூடான குழாயில் வைத்துப் பார்த்தேன். அது குளிரூட்டுவதற்குச் செய்தது. 140 டிகிரியை எட்டும் முன்பே உள்ளே இருக்கும் பற்றவைப்பு இளகி, தகடு போய்விட்டது. அப்புறம் மின்சாரம் எடுப்பதற்கென்றே செய்த பிஸ்மத் டெல்லுரைடு தகடு வாங்கினேன். நான்கு சென்டிமீட்டர் சதுரம், உள்ளே இருவகைக் குறைகடத்தித் துண்டுகள் 127 ஜோடி.

ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் விஞ்ஞானி ஸீபெக் கண்டது இதைத்தான். ஆனால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ஜோடி தருவது சுமார் 0.4 மில்லிவோல்ட். 50 டிகிரி வித்தியாசத்தில் முழுத் தகட்டுக்கும் எனக்குக் கிடைத்தது அரை வாட்.

அந்த 50 டிகிரியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. பத்து நிமிடத்தில், குளிர்ந்த பக்கத்துச் சூட்டைக் காற்றில் விட வைத்த உலோகப் பட்டையான ஹீட் சிங்க்கும் சூடேறிவிடுகிறது, வோல்ட் இறங்கிவிடுகிறது. தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்தேன். தகடு தந்ததைவிடப் பம்பு அதிகம் தின்றது. 120 டிகிரிச் சூட்டையும் 35 டிகிரிக் காற்றையும் வைத்துக்கொண்டு எந்த எந்திரமும் அந்தச் சூட்டில் 22 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக எடுக்க முடியாது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்தத் தகட்டுக்கு எட்டுவதில்லை.

அதற்காக இதை ஒதுக்கிவிடாதே. வாயேஜர் விண்கலங்கள் 1977இலிருந்து ஓடுவது இதே தத்துவத்தில்தான். கதிரியக்கத்தால் தானே சூடாகும் புளூட்டோனியத்தின் சூடு ஒரு பக்கம் 1000 டிகிரி, மறுபக்கம் 300. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. பழுதுபார்க்க ஆள் போக முடியாத இடத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. நினைக்கும்போதெல்லாம் மனது நிறைகிறது.

உன் ஆலைக்கு வருவோம். அந்தச் சூட்டைச் சூடாகவே பயன்படுத்து. பாய்லருக்குள் போகும் தண்ணீரைப் புகையின் சூட்டிலேயே காய்ச்சி அனுப்பினால், தண்ணீரில் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். நெல் காயவைக்கவும் கொஞ்சம் திருப்பலாம். புகையை மட்டும் ரொம்பக் குளிரவிடாதே, அதிலுள்ள ஈரம் படிந்து தகரம் அரித்துவிடும்.

என்னிடம் இன்னும் இரண்டு தகடு இருக்கிறது. புகைபோக்கி உச்சியில் பேட்டரி இல்லாமல் ஒரு வெப்பமானியை ஓட்ட ஒன்றே போதும். பொங்கல் கழித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் காலையும் மாலையும் புகையின் சூட்டை அளந்து ஒரு நோட்டில் எழுதி வை.

அன்புடன்,
சிவராமன்