டாக்ரோலிமஸ் சோதனை மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சிறுநீரக நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் உறுப்புக் கொடையாளர்களின் பெருந்தன்மை உரிய முறையில் போற்றப்பட்டிருந்தது. ஆனால், சிறுநீரகம் பொருத்தப்பட்டவர் வீடு திரும்பிய பின் என்ன ஆகிறார் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவரின் கணவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இச்சிகிச்சை வெற்றி பெற்ற காலத்தோடு ஒப்பிட்டால், முதல் ஆண்டிலேயே சிறுநீரகத்தை இழப்போர் இன்று மிகவும் குறைவு. இழப்பு பெரும்பாலும் பின்னால்தான் நேர்கிறது. உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும்போது வலியோ காய்ச்சலோ இல்லாமலும் போகலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிய பிறகே தெரியவரும். இதைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு தொடங்கும். கூடினால் கை நடுங்கும், புதிதாகச் சர்க்கரை நோய் வரக்கூடும், காக்க வேண்டிய சிறுநீரகத்தையே அம்மருந்து சேதப்படுத்தும். எனவேதான் அதன் அளவை வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது சோதிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால் காசநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அதற்கு வழக்கமாகத் தரப்படும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃபுளுகோனசோலோ அதை உயர்த்திவிடும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் கூட இவர்களுக்கு ஆபத்தானதே. சிறுநீரகம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதயநோயால் இறப்பவர்களும் பலர் என்பதால், இரத்த அழுத்தத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும்.

பணமில்லாமல் மாத்திரையை நிறுத்துவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட பலருக்கு, சிகிச்சை முடிந்து 36 மாதங்களோடு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு நின்றுபோனது. சிறுநீரகம் பொருத்தப் பெருந்தொகை செலவிட்ட அரசு, அதைக் காக்கும் மாத்திரைக்குக் கைவிரித்தது எனக்குச் சிறிதும் நியாயமாகப் படவில்லை. 2020இல் சட்டம் இயற்றப்பட்டு, 2023 முதல்தான், வேறு காப்பீடு இல்லாதவர்கள் அந்த மருந்துகளைத் தொடர்ந்து பெற வழி பிறந்தது.

எங்கள் மாவட்டத்தில் டாக்ரோலிமஸ் அளவைச் சோதிக்க வசதியில்லை. காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், முதல் நாள் இரவே பேருந்து ஏறிப் பெருநகரம் போகிறோம். கூலி வேலைக்குச் செல்பவர்கள் அன்றைய ஊதியத்தையும் இழக்க நேர்வதால் சோதனையைத் தள்ளிப்போடுவதைக் கண்டிருக்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இரத்த மாதிரியை எடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைக் கைப்பேசியில் தெரிவிக்கும் ஏற்பாட்டையாவது மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்