கல் போதும், மணலைக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். புதுச்சேரிக்கு வடக்கே மீனவர் குப்பங்களில் வீடுகள் இடிந்து கிடப்பதைப் படங்களோடு வெளியிட்டிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் இன்னும் சில கட்டிக்கொடுத்தால் அந்த ஊர்கள் பிழைத்துக்கொள்ளும் என்று கட்டுரை முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கரையில் எதற்குப் பஞ்சம் என்பதை விட்டுவிட்டு மருந்து சொல்வதாகவே அது எனக்குப் படுகிறது. அங்கே மணலுக்குத்தான் பஞ்சம்.

நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி கரையிலேயே பிறந்ததல்ல. மேற்கே மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் உள்ள பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆற்றோடு உருண்டு வருகிறது. வருகிற வழியில் மென்மையான கனிமங்கள் சிதைந்து களிமண்ணாகிவிடும். எளிதில் தேயாத குவார்ட்ஸ் மிஞ்சும். ஒரு சிட்டிகை மணலைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் நிறமற்றதும் இளமஞ்சளுமான குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாகக் கார்னெட், கறுப்பாக இல்மனைட், அங்கங்கே சிப்பி உடைசல் எல்லாம் தெரியும். பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள் கரையில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் கிடக்கும். பலர் அதை எண்ணெய்க் கழிவு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இந்தக் கனமான மணிகள்தான். லேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போக, இவை தங்கிவிடுகின்றன.

எங்கள் பக்கத்துக்கு இந்த மணலைக் கொண்டுவரும் பெரிய ஆறு தென்பெண்ணை. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணைக்குப் பின்னால் ஒரு பங்கு மணல் நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் கிடந்ததை லாரிகள் பல ஆண்டுகளாக அள்ளின. அப்புறம் கடலுக்கு என்ன மிஞ்சும்?

அப்படி வந்து சேர்கிற கொஞ்சமும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பங்குனி, சித்திரை வாக்கில் வீராம்பட்டினம் கரையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அலை கரைக்கு நேராக வராது; தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும். மணலை அள்ளிக்கொண்டு சாய்வாகவே மேலே ஏறும். திரும்பும்போது மட்டும் சரிவுப்படி நேராகக் கீழே இறங்கும். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டால் தெரியும்: ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கும். மணலும் அப்படித்தான் நகர்கிறது. அலை உடைகிற இடத்தில் கரையோடு சேர்ந்து ஓடும் நீரோட்டமும் மணலை அதே திசையில் தள்ளும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை திசை மாறி, மணல் தெற்கே போகும். ஆனால் தெற்கிலிருந்து அலை வரும் மாதங்கள் அதிகம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சில லட்சம் கன மீட்டர் மணல் எங்கள் கரை வழியாக வடக்கே போகிறது. கரையை ஒட்டி ஓடும் மணல் ஆறு என்றே இதைச் சொல்லலாம்.

மழைக்காலத்துப் பெரிய அலைகள் கரை மணலை உள்ளே இழுத்துப் போய்க் கடலடியில் ஒரு திட்டாகக் குவித்துவைக்கும். பெரிய அலைகள் அந்தத் திட்டின் மேலேயே உடைந்து வலுவிழப்பதால் ஊர் தப்பிக்கும். கடல் அமைதியானதும் அதே மணலைச் சிற்றலைகள் திரும்பக் கொண்டுவந்து போடும். கார்த்திகையில் குறுகிய கரை சித்திரையில் அகலமாவது இதனால்தான். குறுகிய கரையைப் பார்த்துப் பதறிக் கல்லைக் கொட்டிவிட்டால் இந்தப் போக்குவரத்தே நின்றுபோகும்.

1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். அன்றோடு மணலின் வழி அடைபட்டது. தெற்கே, வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளிலேயே காணாமல் போய், காந்தி சிலைக்கு எதிரே கருங்கல் மட்டும்தான் மிஞ்சியது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போடும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

நகரத்துக்குக் கல் கொட்டியதும் அரிப்பு அடுத்த ஊருக்குப் போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் எல்லை தாண்டித் தமிழகப் பகுதியில் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துவைக்கும். அதைக் கட்டிக் கேட்ட ஊருக்குக் கொஞ்சம் கரை கிடைப்பது உண்மை. அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் கடல் நிற்கும்போது யாரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அங்கே நின்ற மணல் வடக்கே உள்ள ஊருக்குப் போகவேண்டிய மணல். அடுத்த ஊர் அழிந்ததும் அங்கேயும் ஒன்று கட்டவேண்டும். கற்சுவரும் தீர்வு ஆகாது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது, கல் உள்ளே இறங்குகிறது, மறுபடி கல் கொட்டுகிறார்கள். ஃபைபர் படகை ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் வலை உலர்த்தவும் மீனவருக்கு மணல் வேண்டும். இதில் எதைக் கற்குவியலின் மேல் செய்வது?

கடல் அரிப்பது புதிதா என்று சிலர் கேட்பார்கள். புதிதல்ல. தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். இனி கடல் மட்டம் உயர்வதாலும் அரிப்பு கூடும். ஆனால் ஒரு சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்து, அதே சுவருக்கு வடக்கே கரை அழிந்தால், அதை இயற்கையின் கணக்கில் எழுதக்கூடாது. சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகும் இதுதான் நடந்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் தேய்ந்தன.

வழி இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலைத் தூர்வாரி வடக்கே ஆர்.கே. கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் பம்பு வைத்து, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை வடக்கே கோல்டு கோஸ்ட் கரைகளுக்குத் தள்ளுகிறார்கள். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் போகிறது. ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருப்பதால் இரண்டு அரசுகளும் சேர்ந்து செலவு செய்கின்றன. அவ்வளவு தூரம் ஏன்? 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் சேர்த்தார்கள். குழந்தைகள் மறுபடி மணலில் விளையாடுகிறார்கள். மணல் வந்தால் கரை வரும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அதனால், அடுத்த கட்டுரையில் தூண்டில் வளைவு கேட்பதற்குப் பதிலாகப் புதுச்சேரி, தமிழக அரசுகள் இரண்டிடமும் இதைக் கேளுங்கள். முகத்துவாரத்தை ஒவ்வொரு முறை தூர்வாரும்போதும் எத்தனை கன மீட்டர் மணல் எடுத்தார்கள்? அதை எங்கே போட்டார்கள்? ஒப்பந்தத்திலேயே அந்த மணல் வடக்குக் கரைக்குத்தான் போகவேண்டும் என்று எழுதுவார்களா? புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டமும் ஒரே கரைக்குச் சேர்ந்து திட்டம் போடுவது எப்போது? பதில் கிடைத்தால், எந்த ஊருக்கு எவ்வளவு மணல் என்ற கணக்கோடு அதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
புதுச்சேரி