தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். பைசன் படம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு "இன்னும் பார்க்கலம்மா" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். சரி, வேலை இருக்கும் என்று விட்டேன். டியூட் பற்றிக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், அக்டோபர் 17-ல், இரண்டு படமும் ஒரே நாளில் வந்து, ஊரில் பாதிப் பேர் பைசன் எடுத்த மாரி செல்வராஜ் பக்கமும் பாதிப் பேர் டியூட்டில் நடித்த பிரதீப் ரங்கநாதன் பக்கமும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நம் வீட்டு குரூப்பில் உன் தங்கச்சி ஒருத்திதான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நீயும் இல்லை, என் மருமகளும் இல்லை. போன் பண்ணினால் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பைசனை நாங்கள் தியேட்டரிலேயே பார்த்துவிட்டோம். அப்பாவும் வந்தார், முட்டி வலியோடு. மணத்தி கணேசன் வாழ்க்கையை வைத்து எடுத்தது என்பது உனக்குத் தெரியும். துருவ் விக்ரம் நன்றாக உழைத்திருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பசுபதிதான் படம். மகன் கபடி ஆடப் போனால் போன இடத்தில் என்ன ஆகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, போ என்றும் சொல்ல முடியாமல் போகாதே என்றும் சொல்ல முடியாமல் ஒரு அப்பா. அமீரும் லாலும் வருகிற பகுதிகள் கொஞ்சம் நீளம்தான். அதற்காக "இவர் திரும்பத் திரும்ப இதையேதானே எடுக்கிறார், ஓவராகத் தூக்கி வைக்கிறார்கள்" என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பத் திரும்ப நடக்கிறதை ஒருத்தர் திரும்பத் திரும்ப எடுத்தால் அதில் என்ன தப்பு? இந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய், அப்புறம் மருமகள் வந்து நம் இரண்டு பேரையும் மறுத்துப் பேசியிருப்பாள்.

உன் ரசனை மேல் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. 2010 பொங்கலுக்கு ஆயிரத்தில் ஒருவன் வந்தபோது உன் கூட்டாளிகள் எல்லோரும் ஒன்றும் புரியவில்லை என்று திட்டினார்கள். உன் பெரியப்பா பையன் இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டதாகச் சொன்னான். நீ மட்டும் ராத்திரி பூராவும் பார்த்திபன் வருகிற காட்சிகளைப் பற்றியும், சோழர் பேசுகிற அந்தத் தமிழைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாய். பிறகு அதே படத்தை மறுபடி தியேட்டரில் போட்டபோது கூட்டம் கூடியது. அன்றைக்குத் திட்டியவர்களே இப்போது செல்வராகவனை அப்போது யாரும் மதிக்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். நீ பதினைந்து வருசத்துக்கு முன்னால் சொன்னது அது. அப்படி யார் என்ன சொன்னாலும் தன் மனசுக்குப் பட்டதைப் பேசுகிற பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய். கொஞ்சமும் நன்றாயில்லை, தம்பி.

நம் குரூப்பில் நடந்த சண்டைகளில் எனக்குப் பிடித்தது 2024 ஆகஸ்டில் நடந்ததுதான். வாழை, கொட்டுக்காளி என்று இரண்டு படம் ஒரே நாளில், 23-ம் தேதி வந்தன. நீ வாழை, மருமகள் கொட்டுக்காளி. கொட்டுக்காளி எடுத்த வினோத்ராஜ் படத்தில் பின்னணி இசையே கிடையாது, அன்னா பென் அனேகமாக வாயே திறப்பதில்லை, கடைசியில் முடிவையும் நம் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகச் சொல்கிறார், இதை பெர்லின் பட விழாவில் கைதட்டினார்கள் என்பதற்காக நானும் தட்ட வேண்டுமா என்று நீ கேட்டாய். அவள் விடவில்லை. தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு குரல் கம்மிப்போய் அதட்டிக்கொண்டே வருகிற சூரிக்கும், பேசாமலேயே வருகிற அந்தப் பெண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பாட்டுப் போட்டு விளக்க முடியாது என்றாள். நான் இந்தப் பக்கத்துக்காரி, அந்த ஆட்டோவில் உட்கார்ந்து போகிற பொம்பளைகள் பேச்சை நான் அப்படியே கேட்டிருக்கிறேன், அதனால் அவள் பக்கம் நின்றேன். வாழைக்கு என்ன குறை, சிவனைந்தானும் அவன் கூட்டாளியும் ரஜினி கமல் என்று அடித்துக்கொள்வதும், கடைசியில் அந்த லாரியும், நானும் அழுதேன்தான். ஆனால் வாழையைக் கொண்டாட நிறையப் பேர் இருந்தார்கள், கொட்டுக்காளி வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போனது. அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு போனில் எழுதி எழுதிச் சண்டை போட்டீர்கள், நடுவில் அவள் உனக்குக் காபி போட்டுக்கொடுத்ததாகவும் எழுதினாள். அப்படி ஒரு சண்டை வீட்டில் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை.

2025 ஜூலை 4-ம் தேதி நடந்தது அந்த மாதிரி இல்லை. அன்றைக்கும் இரண்டு படம். 3பிஎச்கே உனக்கு, பறந்து போ மருமகளுக்கு. சரத்குமார் சொந்த வீட்டுக்காகச் சேர்க்கிற பணம் ஒவ்வொரு தடவையும் மகன் படிப்பு, ஆஸ்பத்திரி, மகள் கல்யாணம் என்று கரைகிறதும், சித்தார்த் அந்தப் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொள்கிறதும் நம் வீட்டுக் கதை என்று எழுதினாய். படித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு அவள், "வீடு வாங்குறதுக்காக வாழ்க்கையையே அடமானம் வைக்கிறதை எதுக்குக் கொண்டாடணும்" என்று போட்டாள். நீ உடனே, "கடன்காரனுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிட்டு ஊர் சுத்துறதைக் கவிதைன்னு சொல்றாங்க பாரு, அதுதான் ஓவர்ரேட்டட்" என்று பதில் போட்டாய். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. தங்கச்சி ஒரு சிரிப்புப் படம் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஆகஸ்டில் ரஜினியின் கூலி வந்தபோதுகூட நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாழம்பூர் ஃபிளாட்டுக்கு நீ ஜூன் மாதமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்று தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உன் சம்பாத்தியம், உன் முடிவு. நான் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பறந்து போவை நீ பாதியில் நிறுத்திவிட்டாய் என்று மருமகள் முன்பு சொன்னாள். முழுசாகப் பார். ராம் அந்த அப்பாவைப் பொறுப்பில்லாதவனாகக் காட்டவே இல்லை. சிவாவுக்கு அந்தப் படத்தில் ஈஎம்ஐ இருக்கிறது, கடன் இருக்கிறது, கிரேஸ் ஆண்டனி கோயம்புத்தூரில் சேலைக்கடை போட்டு நிற்கிறாள், பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற நிலைமை இருக்கிறது. சரத்குமாருக்கு இருக்கிற அதே கவலைதான் இவர்களுக்கும். அங்கே அந்த அப்பா கவலையோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார், இங்கே இவன் கவலையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். இரண்டு இயக்குநருமே ஒரே குடும்பத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எது ஓவர்ரேட்டட் என்று கேட்டால் இரண்டுமே இல்லை என்பேன். 3பிஎச்கேயில் அழ வைக்கிற காட்சிகள் கொஞ்சம் கூடுதல், ஆனால் தேவயானி எதுவும் பேசாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற அந்த முகத்துக்காக அதை மன்னிக்கலாம். பறந்து போவுக்குக் கிடைத்த மரியாதை போதாது. இதை நீ அவளிடம் சொன்னால் நன்றாக இருக்கும். நான் சொல்லி என்ன பிரயோசனம், நீ சொல்ல வேண்டும்.

நீயே முதலில் ஒரு வரி எழுது. யார் முதலில் பேசினால் என்ன? பைசனைப் பற்றி எழுது, அவளுக்கு மாரி செல்வராஜ் பிடிக்கும்.

அப்பாவை எடுத்துக்கொள். 2003 பொங்கலுக்கு தூள் படத்துக்குக் கூட்டம் நெரிந்தது, அன்பே சிவத்துக்கு நாங்கள் போனபோது பாதி நாற்காலி காலி. வெளியே வந்து அப்பா, "படமா எடுத்திருக்காங்க, பாடம் நடத்துறாங்க" என்றார். அதைத் தியேட்டரில் யாரும் மதிக்கவில்லை, டிவியில் போட்டுப் போட்டுத்தான் ஜனங்களுக்குப் பிடித்தது. இன்றைக்கு மாதவன் ரத்தம் கொடுத்தும் அந்தப் பையன் பிழைக்காமல் போகிற இடம் வந்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அவருக்கு அத்தனை வருசம் ஆனது. நான் அன்றைக்கே நல்ல படம் என்றேன், ஆனால் இதுவரைக்கும் ஒருநாளும் "நான்தான் சொன்னேனே" என்று அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் அவர் அதை மறுபடி பார்த்திருக்கவே மாட்டார்.

இப்போது யாருக்கும் அந்த அவகாசமே கிடையாது. முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவன் மூஞ்சியில் மைக்கை நீட்டுகிறார்கள், அவன் மொக்கை என்றாலும் மாஸ் என்றாலும் சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. 2024-ல் சூர்யா நடித்த கங்குவாவுக்கு நடந்தது உனக்கே தெரியும். சத்தம் காதைக் கிழித்தது உண்மைதான், நானும் சொன்னேன், ஆனால் சூர்யாவைத் திட்டிய திட்டு படத்துக்கு உண்டானதைவிட எவ்வளவோ அதிகம். அதற்கப்புறம்தான் யூடியூப் காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள், முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை போடவில்லை, அது சரிதான். காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை எப்படி அடைக்க முடியும்? கூலிக்கு நேர் எதிராக நடந்தது. படம் வருவதற்கு முன்னாலேயே ஆயிரம் கோடி, ஆயிரம் கோடி என்று ஏற்றிவிட்டார்கள், வந்த பிறகு அத்தனை பெரிய எதிர்பார்ப்பை எந்தப் படத்தால் தாங்க முடியும்? எனக்கு சௌபின் நடித்ததைத் தவிர பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஏ சர்டிபிகேட் என்று அத்தை பேரனை வேறு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவன் ரஜினி படம் போட்ட சட்டையோடு அழுதுகொண்டே வந்தான்.

மெய்யழகன் பட விசயத்தில் உன் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. "மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருக்காங்க, இதுக்குப் போய் இவ்வளவு கொண்டாட்டமா" என்றாய். வெளியாகிச் சில நாளிலேயே 18 நிமிசத்துக்கு மேல் வெட்டினார்கள், நான் வெட்டுவதற்கு முன்னால் பார்த்தவள். 1996-ல் வீட்டை விட்டுத் தஞ்சாவூரிலிருந்து போன அரவிந்த்சாமி, 22 வருசம் கழித்து நீடாமங்கலம் கல்யாணத்துக்கு வந்துவிட்டு ராத்திரியே திரும்பிவிட வேண்டும் என்று தவிக்கிறார். பேர்கூட ஞாபகம் இல்லாத ஒருத்தன் அவரை உட்கார வைத்துச் சோறு போட்டுப் பேசுகிறான். பேச்சுத்தான் அந்தப் படம். பேசாமலேயே இருந்ததால்தானே அத்தனை வருசம் போனது. நீ அதை இழுவை என்று சொன்னது எனக்கு வருத்தம். சமீபத்தில் வந்ததில் மெய்யழகனைவிட நல்ல படம் நிறைய இருக்கலாம், ஆனால் அதை வேகம் பார்த்துக் குறை சொல்லாதே.

சேதி எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன், ஒன்றும் எழுதவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். அப்பா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார், டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். தங்கச்சிக்கு டிசம்பரில் பரீட்சை. மருமகளுக்குப் போன வாரம் போன் பண்ணினேன், நன்றாகத்தான் பேசினாள், அவள் அம்மாவுக்கு உடம்பு தேவலையாம். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் அவள் அம்மா குரல் கேட்டது. அங்கே போய் எத்தனை நாள் ஆகிறது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

வெளியில் வாங்கிச் சாப்பிடாதே. பறந்து போ பார். முழுசாகப் பார். பார்த்ததும் எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று நாலு வரி எழுது. அவள் பதிலுக்குச் சண்டைக்கு வருவாள்.

பொங்கலுக்கு பாண்டியன் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த நிமிசத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தங்கச்சி காலையிலேயே உட்கார்ந்து போட்டுவிடுகிறேன் என்கிறாள். உனக்கு மட்டும் போடுவதா, இரண்டு பேருக்கும் போடுவதா என்று அவளுக்கு இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. நான் இரண்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா