தேசத்துக்கான உபவாச ஜெபம்: வெள்ளி இரவு 8 மணி

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

வரும் வெள்ளிக்கிழமை நம் தேசத்துக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். இரவு 8 முதல் 9.30 வரை, இந்தக் குழுவின் காணொளி அழைப்பில்.

1. வேதாகமத்தில் தானியேல் 9, நெகேமியா 1 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் முன்னதாகவே வாசித்துவிடுங்கள். தானியேல் தேசத்தின் பாவத்தை அறிக்கையிட்டபோது, "நாங்கள் பாவஞ்செய்து" என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். நெகேமியாவும் அப்படித்தான். நம் ஜெபமும் அவ்விதமே இருக்கட்டும். ஆட்சியாளர்களைக் குறைசொல்லும் ஜெபம் வேண்டாம். அவர்களுக்காக விண்ணப்பம் செய்யவே 1 தீமோத்தேயு 2:1-2 சொல்கிறது.

2. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் வெள்ளிக்கு முன்பே பேசி ஒப்புரவாகுங்கள் (மத்தேயு 5:23-24). இதைத்தான் மிகவும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கொடுமைக்கு ஆளானவர்கள், கொடுமை செய்தவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டியதில்லை. மன்னிப்பது வேறு, மறுபடி ஆபத்தில் போய் நிற்பது வேறு.

3. மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிட்டுவிட்டே ஜெபியுங்கள்.

4. தனிப்பட்ட பாவ அறிக்கைகளைக் குழுவில் பதிவிடாதீர்கள்.

கலந்துகொள்பவர்கள் வியாழன் இரவுக்குள் "வருகிறேன்" என்று பதில் போடுங்கள். ஜெபத்தை நடத்த விரும்புகிறவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள்.