காணாமல் போன 26 நாட்கள்

அன்புள்ள தம்பி முகிலனுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பதில் சொல்லத் தொடங்கி, வாட்ஸாப்பில் அடங்காது என்று தெரிந்ததும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பொதுவில் எழுதுவதில் உனக்குச் சங்கடம் இருக்காது என்று நினைக்கிறேன். வேளாண்மை படித்துவிட்டு, வங்கிப் பரீட்சை எழுதி, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் போய் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் உன்னைப் போல நிறைய பேர். அவர்களும் படிக்கட்டும்.

உன் கேள்வி இதுதான். பீகாரில் சமஸ்திபூர் பக்கம் ஒரே ஊரில் இரண்டு பேர். வரப்பு ஒன்றுதான் நடுவே. இரண்டு பேரும் போட்டது ஹெச்.டி. 2967 என்ற ரகக் கோதுமை. உரமும் ஏறக்குறைய ஒரே அளவு. முதல் ஆள் ஏக்கருக்கு 18 குவிண்டால் எடுத்தார். இரண்டாம் ஆள் 11 தான் வந்தது என்று சொல்லி, கடன் தவணைக்கு அவகாசம் கேட்கிறார். "பொய் சொல்றாரா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய்.

பொய் இல்லை. நீயே உன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாய், ஆனால் அதைப் படிக்கவில்லை. முதல் ஆள் விதைத்தது நவம்பர் 10, அறுத்தது ஏப்ரல் 2. இரண்டாம் ஆள் விதைத்தது டிசம்பர் 18, அறுத்தது ஏப்ரல் 14. கணக்குப் போட்டுப் பார். விதைப்பில் 38 நாள் வித்தியாசம். அறுப்பில் 12 நாள்தான். முதல் பயிர் வயலில் 143 நாள் இருந்தது, இரண்டாவது 117 நாள். நடுவில் 26 நாள் எங்கே போயிற்று? அந்த 26 நாளைக் கண்டுபிடித்தால் உன் 7 குவிண்டாலும் கிடைத்துவிடும்.

நெல்லிலேயே வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. கோதுமை குளிரில் பிறந்து குளிரிலேயே முடிய வேண்டிய பயிர். வட இந்தியாவில் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு குளிர்காலம். அந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. முன்பக்கச் சுவர் அக்டோபர் வெயில். பின்பக்கச் சுவர் மார்ச் கடைசியில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்று. உன் ஊரில் அதைப் பச்சுவா என்பார்கள். லேட்டாக விதைத்தால் பயிர் பின்னால் நகர்ந்து போகும் என்று நீ நினைக்கிறாய். நகர இடம் கிடையாது. பின்சுவரில் முட்டிக்கொண்டு நசுங்கும்.

எங்கே நசுங்குகிறது என்று பார்ப்போம். நவம்பர் 10 அன்று மண்ணில் இன்னும் கொஞ்சம் கதகதப்பு இருக்கும். பகலும் இரவும் சேர்ந்த சராசரி 20 டிகிரிக்கு மேலே. விதை ஒரு வாரத்துக்குள் முளைத்து, 21-ம் நாள் வாக்கில் தண்டின் அடியில் புது வேர் விடும்போது முதல் தண்ணீர் காட்டுவார்கள். அப்புறம் டிசம்பர், ஜனவரி முழுக்க அதற்கு ஒரே வேலைதான், தூர் கட்டுவது, அதாவது கதிர் தாங்கும் பக்கத் தண்டுகளை அடியிலிருந்து விடுவது. டிசம்பர் 18-ல் விழுந்த விதைக்கு அந்தக் கதகதப்பு இல்லை. பனிமூட்டம், சூரியனே தெரியாத நாட்கள். முளைக்கவே பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தூர் கட்டவும் நேரம் போதாது. பிப்ரவரியில் சூடு ஏறத் தொடங்கியதுமே, வளர்ந்தது போதும் என்று கதிருக்கு ஓடிவிடும். ஆக, காணாமல் போனதில் ஒரு பங்கு தூரில் போயிற்று. கதிர் எண்ணிக்கை அங்கேயே குறைந்துவிட்டது.

மீதிப் பங்கு மணியில். முதல் ஆள் வயல் பிப்ரவரி இரண்டாம் வாரம் பூத்திருக்கும். அப்போது அங்கே பகல் வெயில் 25, 26 டிகிரிதான். பால் பிடித்து, மணி திரண்டு முற்ற நாற்பது நாள் போல நிதானமாகக் கிடைத்திருக்கும். இரண்டாம் ஆள் வயல் மார்ச் முதல் வாரத்தில்தான் பூத்திருக்கும். மணி திரள வேண்டிய நேரத்தில் வெயில் 33, 35 என்று போய்விடுகிறது. அந்தச் சூட்டில் மாவுச்சத்தைக் கட்டிச் சேர்க்கும் நொதி தளர்ந்துவிடும். இலை முன்கூட்டியே பழுக்கும். மணி உள்ளே நிரம்புவதற்குள் தோல் சுருங்கிவிடும். நம் ஊரில் பதர் என்போமே, அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் சூம்பிப்போன மணி.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இப்போதும் முடியும். அந்த இரண்டு வீட்டிலும் விதைக்கு எடுத்து வைத்த மூட்டையிலிருந்து ஒரு பிடி வாங்கி உள்ளங்கையில் பரப்பு. ஒன்றில் மணியின் நடுக்கோடு மெல்லியதாக, வயிறு உப்பி இருக்கும். உள்ளங்கையைச் சாய்த்தால் உருளும். இன்னொன்றில் கோடு பள்ளமாக விழுந்திருக்கும், மணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் பீகாரில் இருந்த நாட்களில் ஒரு பெரியவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார். இரண்டு விரலுக்கு நடுவே மணியை உருட்டிவிட்டு "அகேதி" என்பார், "பச்சேதி" என்பார். முன்பட்டம், பின்பட்டம். அவர் தவறி நான் பார்த்ததில்லை.

நவம்பர் நடுவுக்குப் பிறகு தள்ளிப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் சுமார் ஒரு சதவீதம் போகும் என்பது கங்கைச் சமவெளியில் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. ரகத்தையும் ஆண்டையும் பொறுத்து அது கூடும், குறையும். உன் இரண்டு பேரில் 38 நாளுக்கு 18-லிருந்து 11. அந்தக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு கணக்காகப் பொருந்தும்படி ஒரு மனிதர் பொய் சொல்ல முடியாது.

"அப்போ அக்டோபரிலேயே விதைக்கச் சொல்லலாமே" என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஹரியானாவில் கர்னால் பக்கம் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், முன்னால் விதைத்தால் நல்லது என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஒரு விவசாயியை அக்டோபர் முதல் வாரத்திலேயே விதைக்க வைத்தேன். சாதாரண ரகம்தான். வெயிலில் அது மளமளவென்று வளர்ந்தது. தூர் கட்டாமல் ஓடி, டிசம்பர் கடைசியிலேயே கதிரை வெளியே தள்ளியது. ஜனவரிக் குளிர் பூவில் பட்டது. கதிரைப் பிரித்துப் பார்த்தால் பாதி அறை காலி. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. டீ கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது. பிற்பாடு டி.பி.டபிள்யூ. 187, டி.பி.டபிள்யூ. 303 என்று முன்பட்டத்துக்கும் தாங்கும் ரகங்கள் கர்னாலிலிருந்தே வந்தன. அப்படிப்பட்ட ரகம் கையில் இருந்தால் அக்டோபர் கடைசி வாரத்தைத் தொடலாம். கண்ட ரகத்தை வைத்துக்கொண்டு தொடக்கூடாது.

சரி, இரண்டாம் ஆள் ஏன் டிசம்பர் 18 வரை உட்கார்ந்திருந்தார்? பதிவில் நீ ஒரு வார்த்தை சொன்னாய், "சோம்பேறித்தனம்" என்று. அதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது.

அவர் கோதுமையை டிசம்பரில் தாமதப்படுத்தவில்லை, தம்பி. ஜூனில் தாமதப்படுத்தினார். அந்த ஊரில் கோதுமைக்கு முந்தைய பயிர் நெல். ரோகிணி நட்சத்திரத்தில், அதாவது மே 25-லிருந்து ஜூன் 8 வரைக்குள், நாற்று விடுவது அங்கே பழைய வழக்கம். முதல் ஆளிடம் சொந்த போரிங், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிறது என்று சொன்னாய். ரோகிணியில் தண்ணீர் இறைத்து நாற்று விட்டிருப்பார். 150 நாள் நெல் என்றாலும் ஜூன் 1-ல் விட்ட விதை அக்டோபர் கடைசியில் அறுப்புக்கு வந்துவிடும். இரண்டாம் ஆள் மணிக்கு இவ்வளவு என்று டீசல் பம்பை வாடகைக்கு எடுக்கிறவர். நாற்றுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் இறைப்பானேன் என்று மழைக்குக் காத்திருந்தார். மழை ஜூன் கடைசியில்தான் நின்று பெய்தது. ஜூலை 1-ல் நாற்று விட்டால் அதே 150 நாள் நவம்பர் 28-ல் முடியும். அப்புறம் அறுப்பு, வயல் காய்வது, டிராக்டருக்கு வரிசை, மூன்று சால் உழவு. டிசம்பர் 18 எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா? தஞ்சாவூர்க்காரனுக்கு இதை நான் விளக்கவே கூடாது. குறுவை தள்ளிப்போனால் தாளடி என்ன ஆகும் என்று உன் அப்பாவிடம் கேட்டாலே போதும்.

இதில் சட் பூஜையும் சேர்ந்துகொள்ளும், சூரியனைக் கும்பிடும் பீகாரின் பெரிய பண்டிகை. திருப்பூரிலும் லூதியானாவிலும் இருக்கும் பிள்ளைகள் சட் பூஜைக்கு வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் கையையும் காசையும் நம்பி, பூஜை முடிந்த பிறகே விதைப்பு என்று இருக்கும் வீடுகள் பல. ஆனால் அது சந்திரக் கணக்குப் பண்டிகை. அதன் முக்கிய நாள், மாலைச் சூரியனுக்கு அர்க்கியம் விடும் நாள், 2023-ல் நவம்பர் 19, 2024-ல் நவம்பர் 7, 2025-ல் அக்டோபர் 27. மூன்று வாரம் ஆடுகிறது. பச்சுவா காற்றுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

பஞ்சாபில் இதே கதை வேறு மாதிரி. அங்கே தண்ணீருக்குக் குறையில்லை, இறைத்து இறைத்து நிலத்தடி நீர்தான் கீழே போய்விட்டது. அதைக் காப்பாற்ற 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் முன்பக்கத்தில் நடவு தள்ளினால் பின்பக்கத்தில் அறுப்பும் தள்ளுமே. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சியது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாளை அதற்குள் என்ன செய்வது? தீ வைத்தார்கள். நவம்பரில் டெல்லி இருமும்போது தொலைக்காட்சியில் அந்த விவசாயியை வில்லனாகக் காட்டுவார்கள். அவர் கையில் இருப்பது தீப்பெட்டி மட்டுமில்லை, ஒரு தேதியும் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நட்ட 93 நாளில் முற்றும் பி.ஆர். 126 நெல்லும், தாளுக்குள்ளேயே விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரமும் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது.

பின்சுவர் தானே முன்னால் நகர்ந்து வந்த வருஷமும் உண்டு. 2022 மார்ச் நினைவிருக்கிறதா? நீ அப்போது கல்லூரியில் இருந்திருப்பாய். 1901 முதல் இருக்கும் பதிவுகளில், பகல் வெயிலில் அவ்வளவு சூடான மார்ச் இந்தியாவில் இருந்ததில்லை. பிப்ரவரியில் 11.1 கோடி டன் கோதுமை வரும் என்று கணித்த அரசாங்கம் மே மாதம் அதை 10.6 கோடியாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. அந்த வருஷம் சரியான நேரத்தில் விதைத்தவர்களுக்குக்கூட அடி விழுந்தது. ஆனால் பின்பட்டக்காரர்கள் வாங்கிய அடி வேறு.

இனி, நீ செய்யக்கூடியது. உன் இரண்டாம் ஆள் கிசான் கிரெடிட் கார்டு என்ற விவசாயக் கடன் அட்டையைப் புதுப்பிக்க அக்டோபர் முதல் வாரம் மனு கொடுத்தார், பணம் டிசம்பர் 4-ல் கணக்கில் ஏறியது என்று அதே பதிவில் போகிற போக்கில் சொன்னாய். அவர் வயல் நவம்பர் கடைசியில்தான் காலியானது என்பதால் முழுப் பழியும் உன் மேசை மேல் போடமாட்டேன். ஆனால் விதையும் டி.ஏ.பி. உரமும் அதற்கு முன் அவரால் வாங்கியிருக்க முடியாது. பணம் முன்னாலேயே வந்து, நவம்பர் 30-ல் அறுத்த வயலின் ஈரம் காயும் முன், உழாமல், ஜீரோ டில் கருவியால் ஒரே ஓட்டத்தில் விதைத்திருந்தால் டிசம்பர் 3 அல்லது 4-ல் முடித்திருக்கலாம். இரண்டு வாரம் மிச்சம். அந்தக் கருவி அந்த ஊரில் யாரிடமாவது வாடகைக்கு இருக்கும், விசாரி.

டிசம்பரில்தான் விதைக்க முடியும் என்றாகிவிட்டால் 2967-ஐ விட்டுவிடச் சொல். அது நீண்ட நாள் ரகம், பின்பட்டத்துக்கு ஆகாது. ஹெச்.டி. 3118, டி.பி.டபிள்யூ. 107 மாதிரி, கிழக்குச் சமவெளியின் பின்பட்டத்துக்கென்றே வந்த ரகங்கள் இருக்கின்றன. பூசா வேளாண் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கத்தில்தான், அங்கே போய்க் கேள். தூர் குறையும் என்பதால் விதையை ஏக்கருக்கு 40 கிலோவுக்குப் பதில் 50 கிலோ போட வேண்டும், வரிசையையும் கொஞ்சம் நெருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு கடைசித் தண்ணீர், காற்று இல்லாத சாயங்காலமாகப் பார்த்து. காற்றில் பாய்ச்சினால் பயிர் சாய்ந்துவிடும், அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பாய்ச்சுவதே இல்லை.

தவணை விஷயத்தில் உன் மேலாளரிடம் என்ன எழுதுவாய் என்பது உன் பாடு. விதைப்புத் தேதியையும் அறுப்புத் தேதியையும் சேர்த்து எழுது, அவ்வளவுதான் கேட்பேன்.

இன்று மே 6. ரோகிணிக்கு இன்னும் பத்தொன்பது நாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டாம் வீட்டுக்குப் போ. கோதுமையைப் பற்றிப் பேசாதே. இந்த வருஷம் என்ன நெல் போடப் போகிறார், எப்போது நாற்று விடுவார், பக்கத்து வீட்டு போரிங்கிலிருந்து நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் வாங்க எவ்வளவு ஆகும் என்று கேள். மேட்டு வயலுக்காவது ‘சஹ்பாகி தான்’ (இந்தியில் ‘தான்’ என்றால் நெல்) மாதிரி 115 நாளுக்குள் முடியும் நெல்லுக்கு ஒத்துக்கொள்வாரா என்று பார். அவர் சொல்வதை அப்படியே எனக்கு அனுப்பு. குரல் பதிவே போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்