எங்கள் தளங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இயக்குநர் அவர்களுக்கும், மின்னூலகப் பணியில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2003 முதல் சொந்தமாக ஓர் இணையதளம் நடத்தி வருகிறேன். அதில் விளம்பரம் கிடையாது, விற்பனை கிடையாது. எனக்குத் தோன்றியதை எனக்குப் பிடித்த ஒழுங்கில் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்படி நடத்துகிறவர்கள் மதுரையிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்காகவும் ஒன்று கேட்கிறேன். ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் மின்னாக்கிக் காப்பாற்றுகிறீர்கள். அதுபோல இந்தத் தனியாள் தளங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மொட்டை மாடியில் மழைமானி வைத்திருந்தார். வானிலைத் துறை அளக்கிற அதே காலை எட்டரை மணிக்குத் தினமும் அளந்து தம் தளத்தில் போடுவார். பச்சைப் பின்னணி, மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு வரி, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் சின்னப் பெட்டி. மில்லிமீட்டர் கணக்குக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதுவார். ‘நாற்றங்கால் முழுகிவிட்டது.’ ‘இடி மட்டும்தான். எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.’ ‘இன்று அளக்கவில்லை. தங்கை இறந்துவிட்டாள்.’ 2008 நவம்பரில் நிஷா புயல் டெல்டாவையே வெள்ளக்காடாக்கிய நாட்களில் அவர் எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

அவர் காலமானார். தளத்தின் பெயரான டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கள் அவருடைய பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. அதன் கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. டாட் காம் பெயர்களுக்குக் கெடு முடிந்தபிறகும் சில வாரங்கள் அவகாசம் உண்டு. அதற்கப்புறம் அபராதம் கட்டி மீட்க முப்பது நாள், அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு. அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். வாங்கிவிட்டார்கள். இப்போது அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகத்தில் தேடிப் பார்த்தேன். முகப்பும் சில மாதங்களும் கிடைத்தன, புயல் மாதம் கிடைக்கவில்லை.

மழையளவு வானிலைத் துறையிடம் இருக்கும். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டதும், தங்கை இறந்த நாளில் மழைமானி அளக்கப்படாமல் நின்றதும் வேறு எங்கே இருக்கிறது?

எந்தத் தளம் உயர்ந்தது என்று தேர்ந்தெடுக்க அறிஞர் குழு போட்டுவிடாதீர்கள் என்றும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். குழு போட்டால் நல்ல கட்டுரைகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொகுப்பாக்கத்தான் தோன்றும். தனியாள் தளத்துக்கு அது பொருந்தாது. என் தளத்தில் அதிகம் பேர் படிக்கும் பக்கம், எண்பதுகளில் தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை வழியில் ஓடிய தனியார் பேருந்துகளின் ஹாரன் சத்தத்தைப் பற்றியது. எது குழைந்து இழுக்கும், எது இரண்டு முறை வெட்டி அடிக்கும் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் அடியில் என் அப்பாவைப் பற்றிய பக்கத்துக்கு ஓர் இணைப்பு இருக்கும். அப்பா வரும் பேருந்தின் ஹாரனை அடையாளம் கண்டுகொண்டுதான் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார். இதை நான் தளத்தில் எங்கும் விளக்கியதில்லை, இணைப்பை மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனிக் கட்டுரைகளாக வெட்டி எடுத்துவிட்டால் எழுத்து மிஞ்சும், நான் சொன்னது மிஞ்சாது.

சமூக ஊடகங்களிலும் நிறையப் பேர் நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் எது மேலே வரும், எது நாளைக்கே புதையும் என்பதை அங்கே வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். சொந்தத் தளத்தில் வாசல் எங்கே, சன்னல் எங்கே என்பது என் விருப்பம். பத்து வருடம் முந்தைய கட்டுரையைத் திறந்து, கீழே ‘இப்போது இப்படி நினைக்கவில்லை’ என்று தேதியிட்டு எழுதுவேன். ஒரு மனிதர் எப்படி மாறினார் என்பதை அவர் கையாலேயே அடுக்கடுக்காக எழுதி வைத்த ஆவணம் இதைவிட வேறென்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு. அதில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் அரசியலும் இருக்கிறது, துணி வியாபாரமும் இருக்கிறது, சொந்த மனக்குறையும் இருக்கிறது. எது முக்கியம் என்று அன்றைக்கு ஒரு குழு உட்கார்ந்து பார்த்திருந்தால் பாதியைத் தள்ளியிருக்கும். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1846-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டதால் அந்த நாட்குறிப்பு வெளியே வந்தது. காகிதம் என்பதால் அத்தனை காலம் வீட்டில் கிடந்து பிழைத்தது. சர்வரில் இருப்பது அப்படிக் கிடக்காது. ஒரு வருடக் கட்டணம் தவறினால் அழிந்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தளம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது தமிழின் தொடக்ககாலப் பக்கங்கள் எத்தனையோ அதோடு போயின.

எழுத்துரு பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999 சென்னை மாநாட்டில், தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளான டாம், டாப் குறியாக்கங்கள் அறிவிக்கப்பட்டதும், உங்கள் நிறுவனத்துக்கான அறிவிப்பு வந்ததும் ஒரே மேடையில்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய தளங்களில் பாதி, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய பாமினி எழுத்துருவிலும் திஸ்கி குறியாக்கத்திலும் இருக்கின்றன. பாமினி ஃபான்ட் இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் புள்ளி. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும். இன்று எல்லாக் கணினியிலும் இயங்கும் யூனிகோடில் ககரம் முதலில் வர வேண்டும். சரியாக மாற்ற இன்று கருவிகள் உண்டு, மாற்றுங்கள். மூலக் கோப்பையும், அதோடு இருந்த ஃபான்ட் கோப்பையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வையுங்கள். அந்த மனிதர் தம் பக்கத்தை எந்த எழுத்தின் வடிவத்தில் பார்த்து மகிழ்ந்தாரோ, அந்த வடிவத்திலும் அது திறக்க வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகமும் சுவீடன் தேசிய நூலகமும் 1996-லேயே தங்கள் நாட்டுத் தளங்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2013 முதல் சட்டமே இருக்கிறது. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், டாட் எஸ்ஜி தளங்களை 2019 முதல் தேசிய நூலக வாரியம் முன் அனுமதி கேட்காமலே சேகரிக்கலாம். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நான் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் அச்சிட்டு வெளியிட்டாலும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு படி போய்ச்சேர வேண்டும். இருபது வருடம் எழுதிய தளத்துக்கு அப்படி ஒரு அலமாரி கிடையாது. சட்டம் மாறக் காலம் ஆகும். அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம், ஏனென்றால் நாங்களே கொண்டுவந்து தரத் தயாராக இருக்கிறோம்.

உயிரோடு இருக்கும்போதே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குப் பதிப்புரிமைதான் காரணம். இந்தியச் சட்டப்படி அது எழுதியவர் காலத்துக்குப் பின்னும் அறுபது ஆண்டு நீடிக்கும். அவர் போன பிறகு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஆளாளுக்கு ஒரு நாட்டில் இருக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் சர்வர் காலியாகிவிடும். எழுதியவரே ஒரு பக்க ஒப்புதல் கடிதமும் தளத்தின் முழு பேக்கப்பும் தந்துவிட்டால் வேலை முடிந்தது. வருடத்துக்கு ஒருமுறை புதிய படியை அவரே அனுப்பலாம். இடம் பெரிதாக வேண்டியதில்லை. என் தளம் முழுவதும், படங்களோடு சேர்த்தே, ஒரு சினிமா அளவுகூட வராது.

பணம் கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லலாம். தளம் நடத்த இடம் தரும் வேர்ட்பிரஸ் டாட் காம், ஒரு தளத்தை நூறு ஆண்டு காக்கும் திட்டம் ஒன்றை 2023-இல் அறிவித்தது. விலை 38,000 டாலர். மழைமானி வாத்தியாரின் ஓய்வூதியத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தனியாள் தளங்களில் அண்டை வீட்டார், உறவினர், பழைய சண்டை எல்லாம் இருக்கும். அவர்கள் யாரும் தங்களைப் பற்றி எழுதச் சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை. ஒப்புதல் கடிதத்திலேயே, எந்தெந்தப் பக்கம் எத்தனை ஆண்டுக்குப் பூட்டியிருக்க வேண்டும் என்று எழுதியவர் குறிப்பிட வழி வையுங்கள். பாதிக்கப்பட்டவர் பிறகு முறையிடவும் ஒரு வழி வேண்டும். இதற்குப் பயந்து மொத்தத் திட்டத்தையும் தள்ளிப்போட்டுவிட வேண்டாம். பூட்டிய பக்கத்தை ஐம்பது வருடம் கழித்துத் திறக்கலாம், அழிந்த பக்கத்தைத் திறக்க முடியாது.

தொடக்கமாக, விருப்பமுள்ளவர்கள் தளத்தின் படியைத் தரலாம் என்று ஓர் அறிவிப்பும், அதற்கு ஒரு படிவமும், பொறுப்பாக ஓர் அலுவலரும் போதும். நான் என் தளத்தை ஜிப் செய்து, பழைய ஃபான்ட் கோப்புகளையும் சேர்த்துத் தயாராக வைத்திருக்கிறேன். அப்பாவைப் பற்றிய பக்கத்தைப் பூட்ட வேண்டியதில்லை. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
டெல்டாவிலிருந்து ஒரு தளக்காரர்