துருவை மூடி விற்ற 1960 மோரிஸ் மைனர் காடி (கார்): முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
பழைய காடிகள் விற்பனை நிலையம்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: "முழுமையாகச் சீரமைக்கப்பட்டது, துரு இல்லை" என்று விற்கப்பட்ட மோரிஸ் மைனர் 1000

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் நிலையத்தில் 36,000 ரிங்கிட் கொடுத்து நான் வாங்கிய 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் உங்கள் ஆட்களிடம் பேசிப் பார்த்தாகிவிட்டது. "பழைய காடின்னா அப்படித்தான் அக்கா" என்பதோடு பேச்சு நின்றுபோனது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. நீங்கள் அந்தக் காடியின் அடிப்பாகத்தை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

பழைய காடியில் துரு இருக்கும் என்று தெரிந்துதான் உங்களிடம் வந்தேன். மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்த காடி. இன்று காடிகளுக்குப் போடுகிற துத்தநாகம் பூசிய தகடு அந்தக் காலத்தில் கிடையாது. அப்படி ஒரு வண்டி நம் நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் அறுபது ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தால், எங்காவது அரித்திருக்கத்தான் செய்யும். "அடித்தகடு போய்விட்டது, வெல்டிங் வேலை நிறைய இருக்கிறது" என்று சொல்லி அதற்கேற்ற விலையில் கொடுத்திருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். நீங்கள் அந்தத் துருவை மூடி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து, சீரமைத்த காடியின் விலைக்கு விற்றிருக்கிறீர்கள். என் புகார் அதுதான்.

விற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். வெளிர்பச்சை நிறம், நடு டேஷ்போர்டில் ஒற்றை வட்டமாக ஸ்பீடோமீட்டர், இழுத்தால் எஞ்சினை எழுப்பும் ஸ்டார்ட்டர் குமிழ், திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து எழுந்து நிற்கும் சின்னக் கைகாட்டி. அந்தக் கைகாட்டிகள் இரண்டுமே வேலை செய்தன. பார்த்தவர் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா இதே மாதிரிக் காடி ஓட்டியவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதன் பிறகு உங்கள் விற்பனையாளர் எஞ்சினைப் பற்றியோ உடலைப் பற்றியோ பேசவே இல்லை. "அப்பா ஓட்டின காடியாச்சே அக்கா, வீட்டுக்குக் கொண்டு போங்க, அவர் முகத்தைப் பாருங்க" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. எஞ்சின் 948 சிசி என்பதால் ரோட்டேக்ஸ் ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான் என்றார். அது உண்மை. அடியில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை என்றார். அது பொய்.

லிஃப்டில் தூக்கிக் காட்டச் சொல்லி நான் கேட்டதை உங்கள் விற்பனையாளர் மறுக்க மாட்டார். அண்டர்சீல், அதாவது அடித்தகட்டுக்குப் போடும் கருப்புப் பூச்சு, புதிதாக அடித்திருக்கிறது, இன்னும் காயவில்லை, கை பட்டால் கெட்டுவிடும் என்று பதில் சொன்னார். தகரவேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். எஞ்சின் படமும் புது சீட்டுகளின் படமும் வந்தன. வெல்டிங் செய்த படம் ஒன்றுகூட வரவில்லை. விளம்பரத்தில் "முழுமையாகச் சீரமைக்கப்பட்டது, துரு இல்லை" என்றே இருந்தது. அதன் படமும், அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

வாங்கிய சில வாரங்களில் ஓட்டுநர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிந்தது. கீல் தேய்ந்திருக்கும் என்றார்கள் உங்கள் ஆட்கள். பிறகு ஒரு பெருமழைக்கு அப்புறம் பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் கம்பளம் ஊறிக் கிடந்தது. தண்ணீர்மலைக் கோவிலுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது அடியில் ஏதோ முறிவது போல் சத்தம். அதற்கு மேல் அதை ஓட்டவில்லை. ஜெலுத்தோங்கில் பழைய பிரிட்டிஷ் காடிகளைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் ஒரு ஃபோர்மேனிடம் இழுவை லாரியில் ஏற்றி அனுப்பினேன்.

அவர் கண்டதை வரிசையாகப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதை நீங்கள் புரிந்துகொள்ள ஒரு விஷயம் முக்கியம். மோரிஸ் மைனருக்கு லாரிக்கு இருப்பது போல் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலேதான் சட்டம். கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிறதே, பெட்டி மாதிரி ஒரு பகுதி, அதை சில் என்பார்கள். காடி நடுவில் தொய்யாமல் தாங்குவதில் பெரும்பங்கு இந்த சில்லுக்குத்தான். வெளித்தகடு, உள்தகடு என்று அடுக்காக இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்குத் துளைகள் உண்டு. அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டால், முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறும், கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீரும் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு பாதி போயிருக்கும்.

இந்தக் காடியில் ஃபோர்மேன் முதலில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி சில்லின் மேல் நகர்த்தினார். தொடக்கத்தில் ஒட்டியது. நடுப்பகுதிக்கு வந்ததும் ஒட்டவே இல்லை. சுரண்டியபோது, பள்ளங்களை நிரப்பப் பூசும் புட்டி விரல் தடிமனுக்கு வந்தது. புட்டிக்கு அடியில் மெல்லிய தகரம் ஒன்றை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். தகரத்தைப் பிரித்தால் உள்ளே நுரை. சுவரில் ஓட்டை அடைக்கப் பீய்ச்சுவார்களே, அந்த நுரை. பழைய சில் அதற்குள்ளே பழுப்புத் தூளாகக் கிடந்தது. நுரையில் ஊறிய ஈரம் சுற்றியிருந்த நல்ல தகட்டையும் அரிக்கத் தொடங்கியிருந்தது. அண்டர்சீலும் அதே கேட்டைத்தான் செய்திருக்கிறது. சுத்தம் செய்து துரு எதிர்ப்புப் பூச்சு போட்ட தகட்டின் மேல் அடித்தால் அது பாதுகாப்பு. துருவின் மேலேயே அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. இரும்பு துருவாகும்போது பருமனும் கூடும். ஒட்டுத் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நெம்பிப் பிரித்துவிடும். மறைத்த வேலையே அழிவைச் சீக்கிரமாக்கியிருக்கிறது, ஐயா.

சில்லோடு முடியவில்லை. முன்சீட்டுகளுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஓடும் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனை ஸ்க்ரூடிரைவர் குத்தியதும் உள்ளே போனது. முன்சக்கர ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்களின் பின்முனை அந்தச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. காடியின் முன்பாரத்தைத் தாங்கும் இடம் அது. தகடு விட்டுக்கொடுத்தால் அந்தப் பக்கம் அப்படியே இறங்கிவிடும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் தாங்கியைச் சுற்றியும் விரல் நுழையும் ஓட்டைகள்.

எனக்குத் தூக்கம் போனது வேறொன்றைப் பார்த்துத்தான். இந்தக் காடி வந்த காலத்தில் சீட் பெல்ட் இல்லை. பாதுகாப்புக்காக நீங்களே பொருத்தியதாக ரசீதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெல்ட்டின் கீழ் போல்ட்டை முடுக்கியிருப்பது நுரை அடைத்த அந்த சில்லின் உள்தகட்டில். ஃபோர்மேன் கையால் இழுத்தபோதே தகடு ஆடியது. என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்தப் பெல்ட்டைப் போட்டு அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, லாரிகளுக்கு நடுவே பினாங்குப் பாலத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்த போல்ட்டைப் பொருத்தியவர் தகட்டின் நிலையைக் கண்ணால் பார்த்துத்தானே பொருத்தியிருப்பார்? பார்த்துவிட்டும் எப்படிச் சாவியைக் கொடுக்க முடிந்தது?

உங்கள் ஆட்கள் சொன்ன மற்ற சமாதானங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றத்துக்கு வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையில் தேறியதாம். அங்கே புட்டியைச் சுரண்டியோ அண்டர்சீலை உரித்தோ பார்க்க மாட்டார்கள். புதிதாகக் கருப்பு பூசிய அடித்தகடு அன்று அவர்கள் கண்ணுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கும். என் வீடு தஞ்சோங் தோக்கோங்கில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் வாங்கிய பிறகு பிடித்த துரு என்றும் சொன்னார்கள். உப்புக் காற்று துருவை வேகப்படுத்தும், சரி. ஆனால் கட்டித் தகட்டைச் சில வாரங்களில் அது தூளாக்காது. புட்டிக்கு அடியில் ரிவெட் அடித்த தகரமும் அதற்குள் இருந்த நுரையும் ஒரு மனிதர் கையால் வைத்தவை. என்னிடம் வந்த பிறகு யாரும் அங்கே கை வைக்கவில்லை.

ரசீதின் கீழே "உள்ளது உள்ளபடி விற்பனை" என்று சிறிய எழுத்தில் இருப்பதையும் நினைவூட்டினார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை, எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதி ஒதுக்கிவிட முடியாது. பொருள் ஏற்கத்தக்க தரத்திலும், விற்பவர் தந்த வர்ணனைக்குப் பொருந்தியும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். குறையை வாங்குவதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால், பிறகு அந்தக் குறைக்காகத் தரத்தைக் கேள்வி கேட்க முடியாது. எனக்கு எதையும் சுட்டிக்காட்டவில்லை, மாறாக இல்லை என்றே சொன்னீர்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே போகாமல் முடிந்தால் இருவருக்கும் நல்லது என்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கை: காடியைத் திரும்ப எடுத்து 36,000 ரிங்கிட்டையும், இழுவை லாரிக்கும் சோதனைக்கும் நான் கொடுத்த 650 ரிங்கிட்டையும் தாருங்கள். இலவசமாகச் சரிசெய்து தருவதாக உங்கள் விற்பனையாளர் கடைசியாகச் சொன்னார். இந்தக் காடியைச் சீரமைத்த அதே பட்டறையில் மறுபடி வேலை செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். அதற்குப் பதில், நான் சொல்லும் பட்டறையில் முறைப்படி செய்யும் முழுச் செலவையும் நீங்கள் ஏற்றால் யோசிக்கத் தயார். முறைப்படி என்றால் உடல் கோணாமல் கதவு இடைவெளிகளுக்கு முட்டுக் கொடுத்து, அரித்ததை நல்ல தகடு வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. மோரிஸ் மைனருக்கு சில், குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தாங்கி எல்லாம் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். கிடைக்காத பொருளை நான் கேட்கவில்லை. ஜெலுத்தோங் ஃபோர்மேன் இதற்கு 14,500 ரிங்கிட் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்.

அதோடு, உங்கள் கூடத்தில் என் காடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வோல்க்ஸ்வாகன் பீட்டிலும், அதே "துரு இல்லை" வாசகத்தோடு ஒரு டட்சன் 120ஒய்யும் நின்றன. அவற்றையும் அதே பட்டறையில்தான் சீரமைத்ததாக உங்கள் விற்பனையாளரே சொன்னார். அவற்றை யாருக்கும் கொடுப்பதற்கு முன் அடிப்பாகத்தைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே விற்றிருந்தால் வாங்கியவர்களை அழைத்துச் சொல்லுங்கள், அந்தக் குடும்பங்கள் இன்றும் அதில் போய்க்கொண்டிருக்கலாம்.

கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. வராவிட்டால் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். படங்கள், ரசீது, விளம்பரம், ஃபோர்மேனின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். காடி இப்போது ஜெலுத்தோங் ஃபோர்மேனின் பட்டறை லிஃப்டில்தான் இருக்கிறது. பிரித்த தகரத்தையும் நுரையையும் எடுத்தபடியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளிலும் நீங்களோ உங்கள் பட்டறை ஆட்களோ வந்து பார்க்கலாம். முதல் நாள் தகவல் சொன்னால் நானும் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சோங் தோக்கோங், பினாங்கு.